உப்புத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் சொன்ன பொய்

சாமி,

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, அஸ்தம்பட்டியில் உனக்குப் பார்த்திருக்கிற தாரணியின் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் எட்டுப் பேர். நம் பக்கம் நான், உங்கப்பா, என் அண்ணனான உன் பெரிய மாமா, அவர் சம்சாரம். அவர்கள் பக்கம் தாரணி, அவளுடைய அப்பா, அம்மா, சித்தப்பா. சித்தப்பாவின் மடியில் அவருடைய பேரன், ஆறு மாதக் குழந்தை, தூங்கிக்கொண்டிருந்தான். அவனையும் சேர்த்தால் ஒன்பது. நீ இல்லை. நீ பெங்களூரில் உன் இயந்திரத்தோடு இருந்தாய். இதை இவ்வளவு சரியாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அத்தனை பேர் முன்னாலும், உப்பும் சர்க்கரையும் வைத்த தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நான் ஒரு பொய் சொன்னேன். அது யார் யார் காதில் விழுந்ததோ அவர்கள் ஒவ்வொருவரிடமும் போய் அதைத் திருப்பி வாங்க வேண்டியிருக்கிறது. முதலில் உன்னிடம்.

போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் சொன்னால் நீ “பரவால்லம்மா, உடு” என்பாய். உன்னுடைய அந்த “பரவால்ல” எனக்கு மிகவும் வசதியானது. அதைக் கேட்டுவிட்டால் நான் சோறாக்கப் போய்விடுவேன், நீ மறுபடியும் இயந்திரத்துக்குப் போய்விடுவாய், பொய் இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டப் போவதில்லை. உங்கப்பா கையில் கொடுக்கிறேன். அவர் படித்துவிட்டு ஒட்டி, கடைக்குப் போகிற வழியில் கூரியரில் போடட்டும். அவருக்குத் தெரியாமல் உனக்கு எழுதுவது என்ற பழக்கத்தையும் இதோடு விடப் பார்க்கிறேன்.

நீ பெங்களூரில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த வருடம், யாராவது கேட்டால் ‘கெமிஸ்ட்ரி’ என்று மட்டும் சொல்லுங்கள் என்றாய். உங்கப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்குப் போதவில்லை. எட்டாவதோடு நின்றவள்தான் நான், ஆனால் பெற்ற பிள்ளை காலையிலிருந்து சாயங்காலம் வரை என்ன செய்கிறான் என்று தெரியாமல் அவனுக்காக எதைச் சொல்லிக் கும்பிடுவது? நீ பழைய பேப்பர்காரருக்குப் போடச் சொன்ன பதினொன்றாம் வகுப்பு வேதியியல் புத்தகத்தைப் போடாமல் வைத்துக்கொண்டேன். மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்த பிறகு ஒரு நாளைக்கு இரண்டு பக்கம். புரியாததை ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம் கேட்பேன். நீ சொல்வதை, காஸ் சிலிண்டர் மாற்றிய தேதி, மழை பெய்த நாள், சஷ்டி, கிருத்திகை எல்லாம் எழுதுகிற அதே நீள நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தேன். இப்போது அது மூன்றாவது நோட்டு. நீ சொன்னதை நான் எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறேன் என்பதை இங்கே ஒரு முறை எழுதுகிறேன். என் பொய் எவ்வளவு பெரியது என்று சொல்வதற்கு அது வேண்டும். தப்பிருந்தால் திருத்து.

காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த ஓர் எஃகுப் பாத்திரம். அதற்குள் நகம் அளவில் ஒரு தங்கத் துண்டு, பூஜைப் பாத்திரத்தைவிடச் சுத்தமாகத் துலக்கியது. அதன் மேல் ஒரு பொடியை ஆவியாக்கிப் படிய விடுகிறாய். அந்தப் பொடியின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இரண்டு நுனியிலும் புரோமின் மூடி போட்டிருக்கும். தங்கத்தைச் சூடேற்றினால் மூடி கழன்றுகொள்ளும், திறந்த நுனிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், சங்கிலி நீளும். பிளாஸ்டிக் ஜாதிதான், ஆனால் மின்சாரம் கடத்தக்கூடிய பிளாஸ்டிக். அந்தச் சங்கிலிக்குள் எலக்ட்ரான்கள் படிக்கட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. கீழ்ப்படிகள் நிறைந்திருக்கும், மேல்படிகள் காலியாக இருக்கும், நடுவில் ஓர் இடைவெளி. அந்த இடைவெளி எவ்வளவு என்பதுதான் அந்தச் சங்கிலியின் குணம். ஓர் ஊசியைத் தொட்டும் தொடாமலும் மேலே கொண்டுபோய், எத்தனை வோல்ட்டில் மின்சாரம் தாவ ஆரம்பிக்கிறது என்று பார்த்து நீ அதை அளக்கிறாய். சங்கிலி நீள நீள இடைவெளி எப்படிச் சுருங்குகிறது என்பது உன்னுடைய கேள்வி. முதல் மூன்று வருடம் வளர்க்கக் கற்றுக்கொண்டாய், பிறகு நாலு வருடமாக அதைத்தான் அளந்தாய்.

உப்புக் கொடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமை, நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது நீ கூப்பிட்டாய். வார நாளில் நீ கூப்பிடுகிறவன் இல்லை. உன் குரல் ஓடிவந்தவன் குரல் மாதிரி இருந்தது. கடைசியாக ஒரு சரிபார்ப்புக்காகத் தங்கத்தின் மேல் அங்கங்கே மெல்லிசாகச் சமையல் உப்பைப் படிய வைத்ததாகவும், ஒரு சங்கிலியை ஊசியால் நகர்த்தி உப்பின் மேல் ஏற்றப் பார்த்ததாகவும் சொன்னாய்.

“பாதி தங்கத்து மேல, பாதி உப்பு மேல கெடக்குதும்மா. ஒரே சங்கிலி. உப்பு மேல இருக்கற பாதியில இடைவெளி அகலமா இருக்குது.”

“அப்ப நாலு வருசமா நீ அளந்தது என்ன கண்ணு?”

“தங்கத்தோட பங்கையும் சேத்தி அளந்தது. சங்கிலியில ஒரு எலக்ட்ரான் ஏறுனா, கீழ தங்கத்துல இருக்கற கூட்டம் ஒடனே நவுந்து அதுக்கு எடம் பண்ணிக் குடுக்குது. அதனால கொஞ்ச வோல்ட்டுக்கே ஏறிருது. அது எனக்கு முன்னமே தெரியும்மா. தங்கத்தோட பங்கு இவ்வளவுதான்னு எல்லாச் சங்கிலிக்கும் ஒரே அளவாப் போட்டுக் கழிச்சு வெச்சிருந்தேன். அந்த அளவு தப்பு. நீளத்துக்கு நீளம் மாறுது. நான் சங்கிலியோட குணம்னு எழுதுனதுல பாதிக்கு மேல தங்கத்தோட குணம்.”

“அப்ப உப்பு மேலயே வளத்திக்கோ சாமி.”

நீ சிரித்தாய். எனக்குப் போன உயிர் வந்தது. “உப்பு மேல வளராதும்மா. மூடியக் கழட்டறதே தங்கந்தான். தங்கந்தான் வளக்கும், தங்கத்து மேல இருந்தா அதோட குணம் தெரியாது. வளத்தி முடிச்சு, ஒவ்வொண்ணா உப்பு மேல தள்ளோணும்.”

அதைக் கேட்டபோது நான் என்ன நினைத்தேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. உனக்கு முப்பத்தொரு வயதாகிறது, உனக்கே தெரியும்.

உன் வழிகாட்டி இரண்டு வழி சொன்னதாகச் சொன்னாய். ‘தங்கத்தின் மேல் இருக்கும்போது’ என்று தலைப்பில் சேர்த்து, கழித்த கணக்கை எடுத்துவிட்டு, இருப்பதை இருப்பதாகச் சமர்ப்பித்தால் தை மாதம் பட்டம். அதில் பொய் எதுவும் இல்லை என்று அவர் சொன்னது எனக்கும் புரிந்தது. இல்லையென்றால் எல்லாச் சங்கிலியையும் உப்பின் மேல் தள்ளி, சங்கிலி சங்கிலியாக என்ன என்று மறுபடி அளப்பது. ஒன்றரை வருடமோ இரண்டு வருடமோ ஆகும். நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது நோட்டில் அப்படியே இருக்கிறது: “ரெண்டு மூணு நாள் யோசிக்கறேன். தாரணிகிட்ட நானே சொல்றேன். அதுவரைக்கும் தேதி கீதி எதும் பேசீராதீங்க.”

நான் அதை எழுதி, அடிக்கோடும் போட்டேன். உங்கப்பாவிடம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, உப்பையும் சர்க்கரையும் தட்டில் பரப்பி, வெற்றிலை பாக்கும் தேங்காய் பழமும் எடுத்துக்கொண்டு, ராசிபுரத்திலிருந்து அஸ்தம்பட்டிக்குக் காரில் போனேன்.

ஏன் போனேன் என்றால், பயம். இதற்கு முன் இரண்டு இடம் ‘பையன் இன்னும் படிச்சுட்டா இருக்காரு’ என்ற ஒரே கேள்வியில் நின்றுபோனது உனக்குத் தெரியும். தாரணியை நீ இரண்டு முறை பார்த்தாய், அதன் பிறகு அவளோடு பேசுவதாக நீயே வாய்விட்டுச் சொன்னாய். நீ ஒன்றைப் பிடித்திருக்கிறது என்று சொல்வது எவ்வளவு அபூர்வம். அது கைநழுவிப் போய்விடக் கூடாது என்று நினைத்தேன். நம் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் உப்பும் சர்க்கரையும் கொண்டுபோய்ப் பெண் வீட்டில் கொடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது. பத்திரிகை, மண்டபம் எல்லாம் பிறகு. வாக்கு அந்த உப்போடு போய்விடுகிறது. தட்டு கை மாறிவிட்டால் பிறகு இரண்டு வருடம் என்றாலும் பொறுத்துக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டேன். எல்லாவற்றையும் ஒரே அளவாகக் கழித்துப் போட்ட கணக்கு, உன்னுடையது மாதிரியே.

அங்கே எல்லாரும் நன்றாகத்தான் பேசினார்கள். தாரணியின் சித்தப்பா போர்வெல் ரிக் வண்டி வைத்திருப்பவர், ஆயிரம் அடிக்குத் துளை போடுகிற ஆள், குரலும் அதற்கேற்ற மாதிரி. குழந்தை மட்டும் எப்படித்தான் தூங்கியதோ.

“ஏனுங் சம்மந்தி, மாப்ள தங்கத்து மேல சங்கிலி வளக்கறாராமா? பவுனு விக்கற வெலைக்கு நம்மூட்டுக்கும் ரெண்டு வளத்திக் குடுக்கச் சொல்லுங்க.”

உங்கப்பா நெளிந்தார். நான் சொன்னேன், “கண்ணுக்குத் தெரியாத சங்கிலிங்க அண்ணா.”

“அப்பக் கண்ணுக்குத் தெரியாத கழுத்துக்குத்தான் போடோணும். பொம்பளைங்க ஒத்துக்குவாங்களா?”

எல்லாரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. மேலே சொன்னதெல்லாம், எஃகுப் பாத்திரம், புரோமின் மூடி, படிக்கட்டு எல்லாவற்றையும் சொன்னேன். உன் பெரிய மாமா வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். உங்கப்பா முகத்தில் ஒரு பெருமை. எனக்கும் பெருமைதான், அதை ஒளிக்க மாட்டேன். அதற்குப் பிறகு தட்டை எடுத்துக் கொடுக்க எழுந்து நின்றேன்.

அப்போது தாரணி சமையலறை வாசலில் காபித் தட்டோடு நின்றவள், என்னைப் பார்த்துக் கேட்டாள். “அத்தை, நான் ஒண்ணு கேக்கலாங்களா? எங்க சேகோ மில்லுல மரவள்ளிக் கெழங்குப் பாலு இரும்புத் தொட்டியில நின்னுதுன்னா நீலம் பாயுமுங்க. மொதல்ல வேலைக்குச் சேந்தப்ப நான் அதை மாவோட நெறம்னே எழுதிட்டேன். மேனேஜர் திட்டுனாரு. அது மாவோட நெறமில்ல, இரும்போட சேட்டைன்னு. இவரு சங்கிலி தங்கத்து மேலதானுங்க படுத்திருக்குது? அப்ப எது சங்கிலியோட குணம், எது தங்கத்தோட குணம்னு எப்படிங்க பிரிப்பாரு?”

ஆத்தூர் சாலையில் ஜவ்வரிசி ஆலையின் சோதனைக்கூடத்தில் மாவைப் பார்த்துச் சொல்கிற பெண் அவள். உன் நாலு வருடத்தை ஒரே கேள்வியில் தொட்டுவிட்டாள். என் கையில் உப்பு. எனக்குப் பதில் தெரியும். ‘அதைத்தான் கண்ணு அவனால பிரிக்க முடியல, மூணு நாளைக்கு முன்னாடிதான் தெரிஞ்சுது, இன்னும் ரெண்டு வருசம் ஆனாலும் ஆகும்’ என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இது:

“அதெல்லாம் பிரிச்சுப் பாத்தாச்சு கண்ணு. வேலையெல்லாம் முடிஞ்சுது. தையில பட்டம் வாங்கீட்டு வந்துருவான்.”

அவள் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. எப்படிப் பிரித்தாய் என்று கேட்க ஆசைப்பட்டவளுக்கு, பிரித்தாயிற்று என்ற செய்தி மட்டும் கிடைத்தது. பிறகு “சரிங்க அத்தை” என்று காபியைக் கொடுத்தாள். நான் தட்டைக் கொடுத்தேன். அவள் அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். மாசி மாதம் கல்யாணம் என்று பேச்சு வந்தது. நான் மறுக்கவில்லை.

உனக்காக நான் பொய் சொல்வது புதிதல்ல. பதினொன்றாம் வகுப்பில் குலதெய்வம் கோயில் பொங்கலுக்கு உன்னை மூன்று நாள் நிறுத்திவிட்டு, செய்முறை வகுப்புக்குப் போகாததற்குக் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தேன். எட்டாம் வகுப்புக் கால் பரீட்சையில் கூட்டலில் உனக்கு ஆறு மதிப்பெண் அதிகமாக வந்திருந்தது. நீ தாளை எடுத்துக்கொண்டு வாத்தியாரிடம் போக வேண்டும் என்றாய். “அவரா பாத்தா பாக்கட்டும், நீயா எதுக்குப் போற” என்று தாளை வாங்கி அலமாரியில் வைத்தேன். நாலு நாள் நீ என்னிடம் சரியாகப் பேசவில்லை. ஐந்தாம் நாள் அலமாரியிலிருந்து நீயே எடுத்துக்கொண்டு போனாய். முதல் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு இறங்கி வந்து, சாயங்காலம் என்னிடம் வந்து “பசிக்குதும்மா” என்றாய். அன்றைக்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. தோசை ஊற்றினேன், இரண்டு அதிகமாக. தாய்மார்கள் பலபேர் மன்னிப்பைத் தோசையாகத்தான் ஊற்றுகிறோம். பிள்ளைகளும் அதைத் தின்றுவிட்டுப் போய்விடுகிறீர்கள். அதனால்தான் நாங்கள் திருந்துவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து கால் கழுவி விளக்கேற்றினேன். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ஏற்றினேன். கும்பிட வாய் வரவில்லை. முருகனிடம் தினமும் உன்னைப் பற்றித்தான் பேசுவேன். என்ன பேசுவது என்று தெரியாமல் திரியைத் தூண்டிக்கொண்டே நின்றேன். அப்போதும் உனக்குப் போன் பண்ணவில்லை. ஒருவேளை நீ முதல் வழியையே தேர்ந்தெடுத்துவிடுவாய், என் பொய் தானாக மெய்யாகிவிடும் என்று ஒரு நப்பாசை. என் பொய்யை மெய்யாக்குவதற்காக நீ அந்த இரண்டு வருட வேலையை விட்டுவிட வேண்டும் என்று சாமியிடம் மனசுக்குள் கேட்டிருக்கிறேன் என்பது புதன்கிழமைதான் உறைத்தது.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்குத் தாரணி எனக்குப் போன் பண்ணினாள்.

“அத்தை, சாப்புட்டீங்களா? ஒண்ணும் இல்லீங்க. அவரு தையில முடிச்சாருன்னா மாசிக்கப்புறம் வேற ஊருதானுங்க. அதான் ஒண்ணாந்தேதி மில்லுல எழுதிக் குடுத்தர்லாம்னு இருக்கறேன். ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லோணுமாமா. என்ற எடத்துக்கு ஒரு புள்ளைக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போவோணும் பாருங்க.”

“அவங்கிட்டச் சொன்னியா கண்ணு?”

“அவருதான் இந்த வாரம் பூராவும் மெசினு கிட்ட இருக்கறதாச் சொன்னாருங்களே. ரூமுக்குள்ள போன் கொண்டு போவக்கூடாதாமா. மெசேஜ் போட்டேன், பாக்கல. நீங்கதான் சொல்லீட்டீங்களே அத்தை, அது போதாதுங்களா?”

‘நீங்கதான் சொல்லீட்டீங்களே.’ அந்த வார்த்தைக்குப் பிறகு அவள் ஆலையைப் பற்றிப் பேசினாள். எவ்வளவு நேரம் பேசினாள் என்று தெரியவில்லை. மாவின் பிசுக்கை அளக்கிற கருவியை அவள்தான் பார்த்துக்கொள்கிறாளாம். அவள் விடுப்பு எடுத்தால் அன்றைக்கு லோடு நின்றுவிடுமாம். அந்தக் கருவிக்கு ஆயுத பூஜைக்கு அவளே பொட்டு வைத்தாளாம். இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னாள். வேலையை விடப்போகிறவள் சிரிப்பு எப்படி இருக்கும் என்று பெண்களுக்குத் தெரியும். நான் “சரி கண்ணு” என்று வைத்துவிட்டேன். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இது இரண்டாவது பொய்.

நேற்று மத்தியானம் உங்கப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அவர் ஒரு போர் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கையை நிறுத்தாமல் கேட்டார். முடித்ததும் ஒரு செம்புக் கம்பியின் நுனியில், மின்சாரம் கசியாமல் காக்கிற வார்னிசைச் சுரண்டிக்கொண்டே சொன்னார், “ஏம்புள்ள, வார்னிசு இல்லாத கம்பியில காயில் கட்டிக் குடுத்துப்போட்டு, மோட்டாரு ஓடும்னு சொல்லிட்டு வந்திருக்கற.”

“ஆமாங்க.”

“அவனுக்கும் அதேதானே கோளாறு? சங்கிலி தங்கத்தோட ஒட்டிக்கிட்டு எர்த் ஆயிருக்குது. நடுவுல வார்னிசு வேணும்.”

“உப்புத்தானுங்க வார்னிசு.”

“எவ்ளோ கனம் போடறானாமா?”

“ரெண்டே அடுக்குங்க. அணுவுக்கு மேல அணு, ரெண்டு அடுக்கு. அதுக்கு மேல கனம் போட்டா ஊசிக்கு மின்சாரம் தாவாதாம், சங்கிலி என்னன்னே தெரியாமப் போயிருமாம்.”

உங்கப்பா அப்போதுதான் கையை நிறுத்தினார். ஏழு வருடத்தில் உன் படிப்பைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. பதில் அவருக்குப் பிடித்துப்போனது என்று முகத்தில் தெரிந்தது. டப்பாவைத் திறந்து சாப்பிட்டார். கோபித்துக்கொள்வார் என்று காத்திருந்தேன். ரசம் சாதத்துக்கு வந்த பிறகு சொன்னார், “போயிச் சொல்லீரு. எட்டுப் பேரு முன்னாடி சொன்னது, எட்டுப் பேரு முன்னாடியே சொல்லு. நானும் வாரேன். ஆனா எத்தனை நாளாகும்னு மட்டும் நீ சொல்லாத. அவன் சொல்லட்டும். நீ சொன்ன தேதியெல்லாம் போதும்.”

அதனால்தான் இன்றைக்கு, வெள்ளிக்கிழமை, விளக்கேற்றிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் வாய் வந்தது.

உன்னை எந்த வழியிலும் தள்ளுவதற்காக இதை எழுதவில்லை. ‘தங்கத்தின் மேல் இருக்கும்போது’ என்று சேர்த்து, தையில் முடித்தால், உன்னை நான் ஒரு சொட்டும் குறைத்து நினைக்க மாட்டேன். தங்கத்தின் மேல் ஒன்று எப்படி இருக்கிறது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தானே. பிறகு வருகிறவர்களுக்கு அது உதவும். உப்பின் மேல் ஏற்றித்தான் பார்க்க வேண்டும் என்றால், அதற்கும் சரி. நாலு வருடம் வீணாகிவிட்டது என்று மட்டும் நினைக்காதே. வளர்க்கத் தெரிந்த பிறகுதானே தள்ள முடியும்? ஆனால் எதைச் செய்தாலும், என் வாயிலிருந்து ‘தை’ என்று வந்துவிட்டது என்பதற்காகச் செய்யாதே. ஊரார் என்ன சொல்வார்கள் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் பெரிய மாமாவை உங்கப்பா பார்த்துக்கொள்வார்.

இன்னொன்று, கல்யாணத்தைப் பற்றி. அந்தப் பெண்ணிடம் “பரவால்ல” என்று சொல்லிப் பழகாதே. என்னிடம் சொல்லிச் சொல்லி உனக்கு அது ஊறிப்போய்விட்டது. அவள் ஏதாவது தவறு செய்தால் தவறு என்று சொல். உன் மேல் கோபம் வந்தால் ஏன் என்று கேள். உன் வேலையை ‘கெமிஸ்ட்ரி’ என்று ஒரு வார்த்தையில் அவளிடம் மூடிவிடாதே. இடைவெளியைக் காட்டுகிற அந்த வரைபடங்களை எனக்கு அனுப்புவாயே, மலைபோல ஏறி இறங்குகிற கோடுகள், அவற்றை அவளுக்கு அனுப்பு. தங்கத்தில் எப்படி, உப்பில் எப்படி என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து அனுப்பு. நீலம் எங்கிருந்து வருகிறது என்று மேனேஜர் திட்டிக் கற்றுக்கொண்டவள் அவள். உன் தவறு அவளுக்கு விளங்கும். விளங்குவதோடு, அவளும் அதே தவறைச் செய்தவள் என்பதால் உன்னை ஏளனம் செய்ய மாட்டாள். கேலி வேண்டுமானால் செய்வாள், அது நல்லதுதான். நானும் உங்கப்பாவும் கல்யாணமாகி முப்பது வருடத்துக்கு மேல் கழித்துத்தான் ஒருவர் வேலையை ஒருவர் கேட்கக் கற்றுக்கொண்டோம், நேற்றுத்தான் முதல் முறையாகக் கடையில் ஒரே பேச்சைச் சேர்ந்து பேசினோம் என்றுகூடச் சொல்லலாம். நீங்கள் அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வேலையை விடுவதா வேண்டாமா என்பது அவள் முடிவு. நீ எந்த வழியில் போனாலும் அவள் ஆலையிலேயே இருக்க ஆசைப்படலாம், பெங்களூரில் வேறு வேலை தேடலாம், காத்திருக்க முடியாது என்று உப்பைத் திருப்பிக் கொடுக்கவும் செய்யலாம். அப்படித் திருப்பிக் கொடுத்தால் நான் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வருவேன். உனக்கு மனசு வலிக்கும், எனக்கும் வலிக்கும். ஆனால் தெரிந்து முடிவெடுக்கிற இடத்தில் அவளை நிறுத்த வேண்டும். இப்போது என் பொய்யை நம்பி அவள் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடப் போகிறாள்.

வருகிற வெள்ளிக்கிழமை ஒண்ணாம் தேதி. அதற்கு முன், புதன்கிழமை காலையில் நானும் உங்கப்பாவும் அஸ்தம்பட்டிக்குப் போகிறோம். சித்தப்பாவையும் அன்றைக்கு வரச் சொல்லியாகிவிட்டது, என் அண்ணனும் அண்ணியும் கூட வருகிறார்கள். ‘பொய் என்னுடையது, அவனுக்குத் தெரியாது, தேதி பேச வேண்டாம் என்று சொன்னவன் அவன்’ என்பதை எல்லார் முன்னாலும் நானே சொல்லிவிடுவேன். அதில் நீ எனக்கு உதவ வேண்டாம், இப்போதே மன்னிக்கவும் வேண்டாம், அதைச் சாவகாசமாகச் செய்துகொள்ளலாம். அவளுக்கு முதலில் தெரிய வேண்டியது உன் வாயால் என்று நினைத்தால், அதற்குள் நீயே பேசிவிடு. பேசிய பிறகு எனக்கு ஒரு வரி சொல்.

எனக்குத் தெரியாததும் நான் சொல்லக் கூடாததும் ஒன்றுதான்: எந்த வழி, எத்தனை காலம். புதன்கிழமை தாரணி என்னைப் பார்த்து அதைத்தான் கேட்பாள். உனக்கே இன்னும் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று எழுது, அதையே சொல்கிறேன். இந்தக் கடிதம் நாளைக்கோ திங்கட்கிழமையோ உன் கைக்கு வந்துவிடும். செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் எனக்குப் பதில் வேண்டும். சீக்கிரம் எழுது.

அம்மா